கெடு வைக்கச் சொன்ன புள்ள

"மூணு சுழியா, ரெண்டு சுழியா?"

அந்தப் புள்ள எனக்கு முதல் தடவை போன் போட்டப்ப வணக்கம் சொல்லல, யாரு எவருன்னு சொல்லல. எடுத்த எடுப்புல இதைத்தான் கேட்டுச்சு. எனக்குக் காலைக் காபி பாதிதான் உள்ளே போயிருந்துச்சு. யாரும்மா நீ, எந்தச் சுழியைக் கேக்குறேன்னு எரிஞ்சு விழுந்தேன். எனக்குக் கோவம் பொசுக்குன்னு வரும். வந்த வேகத்துல போயிரவும் செய்யும், ஆனா அதுக்குள்ள நாலு வார்த்தை வெளியில கொட்டியிருக்கும். அந்தப் புள்ள அசரல. "உங்க வாசிப்பான் மெனுவுல 'இனைப்பு'ன்னு ரெண்டு சுழி போட்டிருக்கீங்கண்ணே. மூணு சுழிதான வரணும்?" அப்படின்னுச்சு.

போய்ப் பார்த்தேன். ரெண்டு சுழிதான். 'இணைப்பு' இருக்க வேண்டிய இடத்துல பத்து வருஷமா 'இனைப்பு' உக்கார்ந்திருக்கு. எழுதினது நானு. கண்ணு இருக்கிறவன்.

வாசிப்பான்னா என்னன்னு சொல்லிடுறேன். பார்வை இல்லாதவங்களுக்காகக் கம்ப்யூட்டர் திரையில இருக்கிறதைத் தமிழ்ல சத்தமாப் படிச்சுக் காட்டுற ஒரு சாப்ட்வேர். நான் புதுக்கோட்டையில வீட்டுல இருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். அது போக மிச்ச நேரத்துல நானும் பெங்களூர்ல இருக்கிற ஒரு நண்பரும் சேர்ந்து இதை எழுதி, யாரு வேணா எடுத்துக்கட்டும்னு விட்டோம். விட்டுட்டு, பெரிய தர்மம் பண்ணிட்ட மாதிரி ஒரு நெனப்பும் இருந்துச்சு. அந்த நெனப்பை ஒழிச்சது இந்தப் புள்ளதான்.

அதுக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை கிடையாது. குடுமியான்மலைப் பக்கத்து ஊரு. தினம் பஸ் ஏறி டவுனுக்கு வந்து, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற ஒரு கடையில வேலை பார்த்துச்சு. என்ன வேலைங்கிறீங்க? ப்ரூப் பார்க்கிற வேலை. நம்புறதுக்கு எனக்கும் ரெண்டு நாள் ஆச்சு. டைப் அடிச்சு முடிச்ச பத்திரிகையைக் கம்ப்யூட்டர் படிக்கும், அது காதுல கேட்டே பிழையைப் பிடிச்சிரும். கண்ணால பார்க்கிறவன் 'வரவேற்ப்பு'ன்னு இருந்தாலும் வரவேற்புன்னே படிச்சுட்டுப் போயிருவான், ஏன்னா அவன் மனசுல இருக்கிறதைத்தான் படிக்கிறான். காதால கேக்குறவளுக்கு அந்த ஒரு 'ப்' பல்லுல கல்லு பட்ட மாதிரி இருக்குமாம். அதுவே சொன்னது.

இப்ப அந்தப் புள்ள இங்க இல்ல. பரிச்சை எழுதி, வேற மாவட்டத்துல ஏதோ ஒரு ஆபீஸ்ல வேலை கிடைச்சுப் போயிருச்சு. நம்பரும் மாறிப் போச்சு. ஆனா மூணு சுழி எழுத்து எங்க வந்தாலும் எனக்கு அது ஞாபகந்தான்.

அது கடையில நடந்த ஒண்ணு சொல்றேன். இலுப்பூர்ப் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம், மூத்தவனுக்கு அடிச்ச பழைய பத்திரிகையைக் கொண்டு வந்து குடுத்து, இது மாதிரியே சின்னவனுக்கும் போட்டுருங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. டைப் அடிக்கிறவரு பேரை மட்டும் மாத்தினாரு. பழசுல பூட்டனாரு பேருக்கு முன்னாடி 'தெய்வத்திரு' இருந்துச்சு. வீட்டுல சொன்னபடி பூட்டனாரு பேரை எடுத்துட்டுத் தாத்தா பேரைப் போட்டவரு, தெய்வத்திருவை அப்படியே விட்டுட்டாரு. எழுத்துல ஒரு பிழை கிடையாது. வேற யாரா இருந்தாலும் அச்சுக்கு அனுப்பியிருப்பாங்க. இந்தப் புள்ளைக்கு என்னமோ உறுத்தியிருக்கு. தாத்தா இருக்காரா இல்லையான்னு கேட்டுருவோம்னு அந்த வீட்டுக்குப் போன் போட்டிருக்கு. எடுத்தவருகிட்ட பேரைச் சொல்லி, "ஐயா, அவங்க இருக்காங்களா?"ன்னு பக்குவமாக் கேட்டிருக்கு. "நான்தாம்மா, சொல்லு"ன்னாராம். "ஒண்ணுமில்லங்கய்யா, நீங்க நல்லா இருங்க"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சாம்.

இதை எங்கிட்ட சொல்லிட்டு, சிரிக்காம, "கேக்காமப் போட்டிருந்தா ஒரு மனுசனைக் கொன்னுருப்போம்ணே"ன்னுச்சு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அதோட கொணம் அதுதான். கேக்காம எதையும் கழிக்காது, கேக்காம எதையும் விடாது. பத்திரிகையில மேல பெருசாப் போடுற மணமகன் மணமகள் பேரெல்லாம் எல்லாரும் பார்த்துருவாங்களாம். அடியில 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போட்டு, பொடி எழுத்துல முப்பது நாப்பது பேரு வரும் பாருங்க, சித்தப்பா, ஒண்ணு விட்ட மாமா, அவங்க புள்ளைங்கன்னு. சண்டை வர்றது அங்கதானாம். என் பேரை விட்டுட்டான், என் இனிஷியலை மாத்திட்டான்னு கல்யாணத்துக்கே வராம இருந்த ஆளுங்க உண்டாம். அதனால அது பத்திரிகையைக் கடைசிப் பேருல இருந்துதான் படிக்க ஆரம்பிக்கும். கீழ இருந்து மேல.

இப்ப நான் பண்ணின கூத்துக்கு வாரேன்.

வாசிப்பானுக்குக் குரலைத் தனித்தனியா ஏத்திக்கலாம். ஒரு குரலுக்கு வேண்டிய எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி ஒரே கோப்பா வச்சிருப்போம். அதுக்குப் பேரு பொதி. பொதின்னா கழுதை மேல ஏத்துறதுதானண்ணேன்னு அது ஒரு தடவை கேட்டுச்சு. ஆமா, கழுதை நான்தான்னு சொன்னேன். அந்தப் பொதியைக் கட்டுறதுல ரெண்டு முறை இருந்துச்சு. ஆரம்பத்துல நாங்க வச்ச பழைய முறையில, நடுவுல யாராச்சும் அவுத்து வேண்டாததைச் சொருகிட்டாங்களான்னு கண்டுபிடிக்க வழி இல்ல. பின்னாடி புது முறை கொண்டாந்தோம். அதுல குரலைச் செஞ்சவரே தன்னோட முத்திரையைப் போட்டுக் கட்டணும். வேற யாரு கை வச்சாலும் முத்திரை உடைஞ்சிரும், கம்ப்யூட்டர் ஏத்துக்காது. பத்திரமான ஏற்பாடு, அதுல தப்பே கிடையாது.

ஆனா பழைய முறையையும் சேர்த்துச் சுமந்துக்கிட்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாச் சோதிக்கணும். ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு இளிக்கும். நண்பருக்கு அலுத்துப் போச்சு, எனக்கும்தான். பழைய பொதியை எத்தனை பேரு இறக்குறாங்கன்னு பார்த்தோம். ஒரு வருஷமா ஒருத்தரும் இல்ல. அப்பறம் என்ன, தூக்கிருவோம்னு தூக்கிட்டோம். புதுப் பதிப்பு அறிவிப்புல கடைசியில ஒரு வரி போட்டேன், பழைய பொதி வடிவம் இனி ஏற்கப்படாதுன்னு. அன்னைக்கு நல்லாத் தூங்கினேன்.

ஏற்கெனவே கையில வச்சிருக்கிறவன் எதுக்குய்யா மறுபடி இறக்கப் போறான்? இதைக் கூட யோசிக்கல. இருபது வருஷமா இந்த வேலைதான் பார்க்கிறேன்.

அந்தப் புள்ள வச்சிருந்த குரல் பழைய பொதியில இருந்தது. பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி பாலிடெக்னிக்ல படிச்ச ஒரு பையன் தன் சொந்தக் குரல்ல எழுத்து எழுத்தாப் பேசிப் பதிஞ்சு செஞ்சது. கரகரன்னு இருக்கும், கேக்கச் சகிக்காது. ஆனா எழுதியிருக்கிறதை அப்படியே சொல்லும். மூணு சுழிக்கு நாக்கை மடிக்கும், ரெண்டு சுழிக்கு மடிக்காது. தேவையில்லாத ஒற்று இருந்தா அங்க தடுக்கி விழும். புதுசா வந்த குரலெல்லாம் தேனு மாதிரி இருக்கும், ஆனா தப்பா எழுதினதையும் சரியாப் படிச்சிரும். எழுத்துப் பிழையை மன்னிக்கிற குரலை வச்சுக்கிட்டு ஒரு ப்ரூப் பார்க்கிறவ என்ன செய்யிறது?

வைகாசி மாசம். முகூர்த்தம் முகூர்த்தமா வந்துக்கிட்டு இருந்த நேரம். காலையில போன். "அண்ணே, கொரலு போச்சு."

நான் பாடம் எடுத்தேன். முத்திரை, பத்திரம், திருட்டுன்னு கால் மணி நேரம். முழுசாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "கெடு வச்சீங்களாண்ணே?"ன்னுச்சு.

என்ன கெடுன்னேன்.

"இந்தத் தேதியோட எடுக்கப் போறோம்னு முன்னாடியே சொல்றது. பத்திரிகைக்கு நாங்க சொல்வோம்ல, திருத்தம் இருந்தா புதன்கிழமைக்குள்ள சொல்லுங்கன்னு. நீங்க கெடு வைக்காம கெடுத்துட்டீங்களேண்ணே."

எனக்குச் சுருக்குன்னுச்சு. சுருக்குன்னா ஒத்துக்கிற ஆளா நானு? சும்மா குடுக்கிறதுக்கு இவ்வளவு பேச்சு கேக்கணுமாம்மான்னு கேட்டுட்டுப் போனை வச்சுட்டேன். இன்னைக்கு நெனச்சாலும் அந்த வார்த்தைக்காக எனக்கு வெக்கமா இருக்கு.

ரெண்டு நாள் மனசு ஒரு நெலையில இல்ல. மூணாம் நாள் கடைக்கே போனேன். கீழ ராஜ வீதிக்குப் பின்னால ஒரு சந்துல இருந்துச்சு. அந்தப் புள்ள நாற்காலியில வேற ஒரு ஆள் உக்கார்ந்து கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுப் படிச்சுக்கிட்டு இருந்தாரு. முதலாளி நல்ல மனுசன், உக்காரச் சொல்லி டீ வாங்கிக் குடுத்துட்டு, ஒரு பத்திரிகையை எடுத்து என் கையில குடுத்தாரு. நல்ல தடிமனான அட்டை, தங்க எழுத்து. 'மனமக்களை வாழ்த்த' அப்படின்னு ரெண்டு சுழியில பளபளன்னு இருந்துச்சு. கட்டுக் கட்டா ஓரமா அடுக்கியிருந்தாங்க.

நான் குரலை எடுத்த மறுநாள் நடந்திருக்கு. பழைய குரல் வரல, அவசரத்துக்கு இந்தப் புள்ள தேன் குரலை வச்சுப் படிச்சிருக்கு. அது இனிக்க இனிக்க மணமக்கள்னே படிச்சிருக்கு. வீட்டுக்காரங்க வந்து சத்தம் போட்டப்ப, டைப் அடிச்சவரைக் கை காட்டாம, பார்த்தது நான்தாங்க, தப்பு எம்மேலதாங்கன்னு சொல்லியிருக்கு.

"எனக்கு அந்தப் புள்ளையை விட மனசில்லைங்க," முதலாளி சொன்னாரு. "ஆனா ஆனி முகூர்த்தம் முடியிற வரைக்கும்தான் நான் பொறுக்க முடியும். அந்தப் பழைய கொரலு வந்தா வரட்டும். வரலைன்னா இந்த வேலை அதுக்கு இல்லைங்க."

எங்கிட்ட போன்ல இதுல ஒரு வார்த்தை அது சொல்லல. பத்திரிகை தப்பானதையும் சொல்லல, வீட்டுல உக்கார்ந்திருக்கிறதையும் சொல்லல. கெடு வச்சீங்களான்னு மட்டும் கேட்டுச்சு. எனக்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிட்டு, எடுத்ததை எல்லாம் மறுபடி உள்ள வச்சேன். நண்பருக்குக் கோவம் வந்துருச்சு. அவரு கேட்டதுலயும் நியாயம் இருந்துச்சு. ஒருத்தருக்காகன்னு சுமந்தா எத்தனை வருஷம் சுமக்கிறது, நம்ம ஆயுசு முழுக்கவா, நாளைக்கு எவனாச்சும் அந்தப் பழைய ஓட்டை வழியா உள்ள பூந்து நூறு பேரு மெஷினைக் கெடுத்தா யாரு பதில் சொல்றதுன்னாரு. அந்தப் புள்ளையையே லைன்ல சேர்த்துக்கிட்டேன். அழுது கிழுது கேக்கும், இவரு எளகிருவாருன்னு நெனச்சேன்.

அது எங்க அழுதுச்சு. நண்பரு சொன்னதை எல்லாம் கேட்டுட்டு, "அண்ணன் சொல்றதுதான் சரி. அதை எடுக்கத்தான் வேணும்"ன்னுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. "காலம் பூரா சுமங்கன்னு யாரும் கேக்கலண்ணே. எப்பன்னு சொல்லுங்க, சொன்ன நாள் வரைக்கும் நில்லுங்க, அவ்வளவுதான். வர்ற ஆடி வேணாம், அடுத்த ஆடி ஒண்ணாந்தேதி வைங்க."

அது ஏன் ஆடின்னு பெங்களூர்க்காரரு கேட்டாரு. ஆடியில கல்யாணம் கிடையாது, பாதி ஆடிக்கு மேலதான் ஆவணிப் பத்திரிகை வர ஆரம்பிக்கும், முதல் வாரம் கடையில ஈ ஓட்டுவோம், அப்ப எது உடைஞ்சாலும் சமாளிச்சுக்கலாம்னு விளக்கிச்சு. உலகத்துல எந்த சாப்ட்வேர்க்காரனும் ஆடி மாசத்தைப் பார்த்துக் கெடு வச்சிருக்க மாட்டான். நாங்க வச்சோம். வாசிப்பானைத் தெறந்ததும் முதல் வரியா அந்தத் தேதியைச் சத்தமாச் சொல்ற மாதிரி பண்ணினேன். அந்தப் புள்ள மறு வாரம் வேலைக்குப் போயிருச்சு.

நான் அதோட விட்டுருப்பேன். கெடு வச்சாச்சு, அறிவிச்சாச்சு, அவனவன் பாடு. ஆனா அது விடல. எங்களுக்கு எப்பவோ எழுதிக் கேட்டவங்க பட்டியல் ஒண்ணு இருந்துச்சு, அதை வாங்கி வச்சுக்கிட்டு, டீ நேரத்துல ஒவ்வொருத்தரா கூப்பிட ஆரம்பிச்சுச்சு. நீங்க எந்தக் கொரலு வச்சிருக்கீங்க, பழசா, ஏன் பழசு, புதுசைக் கேட்டுப் பார்த்தீங்களா. சனிக்கிழமை சனிக்கிழமை எனக்குத் தகவல் வரும். அதுல முக்காவாசிப் பேரு புதுசு இருக்கிறதே தெரியாம இருந்தாங்க, சொன்ன உடனே மாறிட்டாங்க. நாலு பேரு மட்டும் இந்தப் புள்ள மாதிரியே எழுத்துக்கு எழுத்து கேக்கணும்னு பழசுலயே நின்னாங்க. அவங்களுக்கு ஒரே வழிதான். அதே கரகரக் குரலைப் புதுப் பொதியில கட்டணும். அதுக்குச் செஞ்சவரு முத்திரை வேணும். அவரு எங்க?

அவரு மெயிலுக்குப் போட்டா திரும்பி வந்துச்சு. படிச்ச இடத்துல விசாரிச்சா தெரியலன்னாங்க. நாங்களே கட்டிருவோமேன்னேன் நான். "அவரு கையெழுத்தை நீங்க போடுவீங்களாண்ணே?"ன்னு கேட்டுச்சு. புரட்டாசி போச்சு, கார்த்திகை போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள பயம் வந்துருச்சு. ஆடி வந்தா அதைத் தூக்கித்தான் ஆகணும், தூக்கினா இந்தப் புள்ள நாற்காலி போயிரும், கெடு வைக்கச் சொன்னதும் அதுவேதான். ரெண்டு மாசம் தள்ளி வச்சுக்கலாமாம்மான்னு ஒரு தடவை மெதுவாக் கேட்டேன். ஒருக்கத் தள்ளினா அதுக்கப்பறம் யாரும் கெடுவை நம்ப மாட்டாங்கண்ணேன்னு சொல்லிருச்சு.

தை மாசம் ஒரு மத்தியானம் போன் வந்துச்சு. "ஆளு கெடைச்சுருச்சு." மூச்சு வாங்குச்சு அதுக்கு.

ஒரு காதணி விழாப் பத்திரிகை வந்திருக்கு. வழக்கம் போலக் கடைசிப் பேருல ஆரம்பிச்சிருக்கு. அடியில, மடிப்புக்குப் பக்கத்துல, ஒண்ணு விட்ட மாமன் வரிசையில கடைசியா ஒரு பேரு. பக்கத்துல அடைப்புல மஸ்கட்னு போட்டிருக்கு. தினம் வாசிப்பான் தெறக்கும்போது, குரலை உருவாக்கியவர் இன்னார்னு ரெண்டு இனிஷியலோட அந்தக் குரல் சொல்லும், அதே இனிஷியல், அதே பேரு. அந்தக் குரல் தன் பேரைத் தானே படிச்சிருக்கு. உடனே அந்த வீட்டுக்குப் போன் போட்டு, என்ன கேட்டிருக்கும்? அந்தப் பேருல வர்றது சின்ன ரவா பெரிய றவான்னு கேட்டிருக்கு. வேலை வேலைதானே. அப்பறம்தான் நம்பரைக் கேட்டிருக்கு.

அவரு அங்க ஏசி மெக்கானிக்கா இருந்தாரு. கம்ப்யூட்டர் பக்கம் போயி எத்தனையோ வருஷமாச்சாம். ஒரு வெள்ளிக்கிழமை, அவருக்கு லீவு நாள், மூணு பேரும் வீடியோவுல உக்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவரு முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு.

"இன்னுமா அது பேசுது?"ன்னாரு.

"தினம் எட்டு மணி நேரம் பேசுதுங்க," அந்தப் புள்ள சொல்லுச்சு. "உங்களைத்தான் பிடிக்க முடியல."

அவரு கையில துண்டை எடுத்து முகத்தைத் தொடைச்சுக்கிட்டாரு. அப்பறம் நான் சொல்லச் சொல்ல முத்திரையை உண்டாக்கி, பொதியைக் கட்டி அனுப்பினாரு. ஒரு மணி நேர வேலைகூட இல்ல. அந்த ஒரு மணி நேரத்துக்காக ஒருத்தி எட்டு மாசம் போன் போட்டிருக்கா.

அதுக்குப் பின்னாடி பழசுல நின்ன நாலு பேரையும் ஒருத்தர் ஒருத்தரா மாத்துச்சு. அதுல ஒருத்தரு அரிமளத்துல ரிட்டயர்டு வாத்தியார், வீட்டுல நெட்டே கிடையாது. புதுப் பொதியை அவரு எப்படி இறக்குவாரு? இது பென்டிரைவை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிப் போயிருச்சு. ஏம்மா, சொல்லியிருந்தா நான் வண்டியில போயிருப்பேனேன்னு கத்தினேன். நீங்க போனா அவருகிட்ட பாடம் எடுப்பீங்கண்ணேன்னு சொல்லுச்சு.

ஆடி ஒண்ணு. காலை ஒன்பதரை மணி. நான் எட்டு மணியில இருந்தே மெஷின் முன்னாடி உக்கார்ந்திருந்தேன். போன் அடிச்சுச்சு.

"எடுத்துடுங்கண்ணே."

எல்லாரும் மாறிட்டாங்களான்னேன்.

"நான் ஒருத்திதான் பாக்கி."

ஊரை எல்லாம் மாத்தி விட்டுட்டு நீ ஏம்மா பழசுலயே உக்கார்ந்திருக்கேன்னு சத்தம் போட்டேன். "ஒருத்தராச்சும் பழசுல இருந்தாத்தானண்ணே நீங்க சொன்ன தேதி வரைக்கும் கை வைக்காம இருப்பீங்க"ன்னு சாவகாசமாச் சொல்லுச்சு. என்னை அவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கு. கோவம் வரலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது சொன்னது நெசம்.

எடுத்தேன். பழைய முறைக்காக எழுதியிருந்த எல்லாத்தையும் அழிச்சு, புதுசை வெளியில விட்டேன். போன்லயே இருங்கண்ணே, நான் ஏத்திப் பார்க்கிறேன்னுச்சு. ஏத்தினா மெஷின் ஒரு தடவை அணைஞ்சு எரியும். அது அணைஞ்சதும் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. சந்துல ஒரு வண்டி ஹாரன் கேட்டுச்சு. பேன் ஓடுறது கேட்டுச்சு. அந்தப் புள்ள மூச்சு விடுறதுகூடக் கேக்கல. என் பொண்ணு பொறந்த அன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல நின்னப்பதான் நான் அப்படி நின்னிருக்கேன். முத்திரையில ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தேனா, எதையாச்சும் சேர்த்து அழிச்சுட்டேனா, கெடு சொல்லி எடுத்ததை இனிமே திரும்ப வைக்கவும் முடியாதே, எல்லாம் ஓடுச்சு மனசுல.

கரகரன்னு அந்தக் குரல் வந்துச்சு. மஸ்கட்காரரு பேரைச் சொல்லுச்சு, அப்பறம் 'வணக்கம்'னுச்சு. அந்த 'ண'வுக்கு நாக்கை நல்லா மடிச்சுச் சொல்லுச்சு.

"வந்துருச்சுண்ணே"ன்னுச்சு அந்தப் புள்ள.

இத்தனை வருஷத்துல எவ்வளவோ செஞ்சிருக்கேன், ஒண்ணை ஒழுங்கா முடிச்சு வச்சது இது ஒண்ணுதான், அதையும் நானாச் செய்யல, நீதாம்மா செய்ய வச்சேன்னு சொல்லணும்னு இருந்துச்சு. ரொம்ப நன்றிம்மான்னு ஆரம்பிச்சேன்.

"இருக்கட்டும்ணே, கோயில்ல கூழ் ஊத்துற நோட்டீஸ் ஒண்ணு வந்திருக்கு, ஆளு நிக்குறாங்க"ன்னு சொல்லிட்டு வச்சிருச்சு.